அரிய அணிகலன் ஒன்றின் பெயர் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை ஆகலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களுள் முதன்மையானது ஒரு தலைப்பாகை. சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில், 1805 நவம்பரில் புகுத்தப்பட்ட அந்தப் புதிய தலைப்பாகை ஐரோப்பியர் தொப்பியைப் போலிருந்தது. அதில் காக்கேட் எனப்படும் தோல் சின்னம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. எந்த விலங்கின் தோலோ என்ற ஐயம் இந்துச் சிப்பாய்களுக்கும் முஸ்லிம் சிப்பாய்களுக்கும் ஒருங்கே எழுந்தது. சீருடையோடு சேர்ந்த சிறு திருப்புளி ஒன்று சிலுவை வடிவில் இருப்பதாகவும் அவர்கள் கருதினார்கள்.

இந்த மூன்றுக்கும், அதாவது தலைப்பாகை, காக்கேட், திருப்புளி ஆகியவற்றுக்கும், தமிழ் விக்கிப்பீடியா போன்ற ஒரு கலைக்களஞ்சியத்தில் தனித்தனிக் கட்டுரை எழுதலாமா? மூன்றும் ஒரே நிகழ்வில் வருகின்றன. ஆனால் மூன்றுக்கும் விடை வேறு வேறு. ஏன் வேறு என்பதைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்துவிட்டால், எந்த அரிய அணிகலன் பெயரையும் கையில் எடுத்துத் தீர்ப்புச் சொல்லலாம்.

நம் வட்டாரத்தில் இந்தத் திறமை தேவைப்படுகிறது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் தோல் தொழில், நெசவு, பொற்கொல்லர் பட்டறை, தமிழும் உருதும் தெலுங்கும் கலந்த திருமண வழக்கங்கள் என்று அணிமணிப் பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. ஆர்வத்தோடு எழுத வரும் இளைஞர்கள் பலர் இரண்டு வரியில் ஒரு பக்கத்தைத் தொடங்குகிறார்கள். அது நீக்கப்பட்டதும் மனம் நொந்து போய்விடுகிறார்கள். எழுதத் தொடங்குமுன் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

முதல் படி: பெயரை மறைத்துவிட்டுப் பொருளைச் சொல்லிப் பாருங்கள்

கலைக்களஞ்சியக் கட்டுரை ஒரு பொருளைப் பற்றியது. அகராதிப் பதிவு ஒரு சொல்லைப் பற்றியது. ஆகவே அந்தப் பெயரைப் பயன்படுத்தாமல் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: உடலின் எந்த இடத்தில் அணிவது, எதனால் செய்தது, யார், எப்போது அணிந்தார்கள்?

காக்கேட்டுக்கு இது எளிது. தொப்பியில் அணியும், நாடாவாலோ தோலாலோ செய்த வட்டச் சின்னம். அணிபவர் எந்த அரசையோ கட்சியையோ சார்ந்தவர் என்பதை அதன் நிறம் காட்டும். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. வாக்கியம் தடையின்றி வருகிறது. திருப்புளிக்கு எழுதும்போது வேறொன்று தெரிகிறது. அது துப்பாக்கியின் திருகுகளைக் கழற்றி மாட்டும் கருவி. சீருடையோடு சேர்ந்திருந்ததால் அணிகலன் போலத் தோன்றியது. இந்த ஒரு வாக்கியமே அதை அணிகலன் வரிசையிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறது.

வாக்கியம் எழுதவே வரவில்லை என்றாலோ, "ஒருவகை நகை" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றாலோ, உங்களிடம் இருப்பது வெறும் சொல். அதற்குரிய வீடு, விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான இணைய அகராதி விக்சனரி. அதில் தாழ்வு ஒன்றுமில்லை. பொருள், ஒலிப்பு, எடுத்துக்காட்டுத் தொடர், படம் அனைத்தையும் அங்கே சேர்க்கலாம்.

பொருள் சிறியதாயிற்றே என்று தயங்க வேண்டாம். ஆம்பூரில் தைக்கும் ஷூக்களின் லேஸ் நுனியில் ஓர் உறை இருக்கிறதே, அதற்கு அக்லெட் என்று பெயர். இன்று அது பிளாஸ்டிக் துண்டு. ஆனால் ஐரோப்பிய உடை வரலாற்றில் உடையின் பாகங்களை இணைக்கும் நாடாக்களின் நுனியில் வெள்ளியாலும் பிற உலோகங்களாலும் செய்து அழகுக்காகவே தொங்கவிட்ட காலம் ஒன்று உண்டு. உடை வரலாற்று நூல்கள் அதைப் பற்றிப் பேசுகின்றன. அது தனிக் கட்டுரைக்குத் தகும். அதே பட்டறையில் செய்யும் பெல்ட்டில், நுனி துருத்தி நிற்காமல் அடக்கிவைக்கும் சிறு வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் பெல்ட் பற்றிய கட்டுரையில் ஒரு வரியில் அடங்கிவிடும். அளவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு, மற்றவர்கள் அவற்றைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

இரண்டாம் படி: வேறு பெயரில் ஏற்கெனவே இருக்கிறதா?

ராக்கொடி, ராக்கடி, ராக்குடி, ஜடை, சடை, ஒட்டியாணம், ஒட்டியானம். எல்லா எழுத்து வடிவங்களையும் போட்டுத் தேடுங்கள். பிறகு அண்டை மொழிகளில் தேடுங்கள். சித்தூர் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. நம் ஒட்டியாணத்தைத் தெலுங்கர் வட்டாணம் என்பார்கள். வேலூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் குடும்பத் திருமணங்களில் மணமகள் தலையின் ஒரு பக்கத்தில் சாய்வாக அணியும் ஜூமர், வட இந்தியாவில் பாசா என்றும் வழங்குகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு கட்டுரைகள் கூடாது. இன்னொரு பெயரில் கட்டுரை இருந்தால், நீங்கள் தேடிய பெயரிலிருந்து அங்கே ஒரு வழிமாற்று (அந்தப் பெயரைத் தேடுவோரைத் தானாகவே அந்தக் கட்டுரைக்குக் கொண்டுசெல்லும் பக்கம்) அமைத்துவிட்டு, கிடைத்த செய்தியை அந்தக் கட்டுரையில் சேருங்கள்.

மூன்றாம் படி: சான்று தேடுதல்

இங்கேதான் தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கணினியில் தேடி ஒன்றும் வரவில்லை என்பது தமிழ்ப் பொருள்களுக்கு எதிரான தீர்ப்பு ஆகாது. தமிழில் அச்சான நூல்களில் பெரும்பகுதி தேடக்கூடிய எழுத்துவடிவில் இணையத்தில் இல்லை. படமாக ஏற்றிய பழைய நூல்களிலும் தேடல் தோற்றுப்போகும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவையும் ணா, றா, னா ஆகியவையும் வேறு வடிவில் அச்சிடப்பட்டன. கணினி அவற்றைத் தவறாகப் படிக்கக்கூடும். ஆகவே பொருளடக்கத்தைப் பார்த்து, பக்கத்தைக் கண்ணால் புரட்ட வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் பின்னிணைப்பும் பெற்றது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். ஒரு சொல் உண்மையில் வழங்கியதா, எந்த இலக்கியத்தில் வந்தது என்பதை அது சொல்லிவிடும். இது திசைகாட்டி மட்டுமே. தனிக் கட்டுரைக்கான சான்றாக இதை எண்ணிக்கொள்ளக் கூடாது.

அடுத்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் தலைமையில் வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம். அதில் நகைகள், உடை பற்றிய பொதுக் கட்டுரைகளில் உங்கள் பொருள் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முன்னோர் அதைத் தனித் தலைப்பாக்கினார்களா, ஒரு பத்தியில் அடக்கினார்களா என்பதே நல்ல குறிப்பு.

வட்டாரத்துக்கு, ஆர்தர் காக்ஸ் 1881இல் எழுதி, ஹரால்ட் ஸ்டூவர்ட் திருத்தி 1895இல் மறுபதிப்பான வட ஆற்காடு மாவட்டக் கையேடு. சமூகங்களின் பழக்கங்களைச் சொல்லுமிடத்தில் அணிகலன்களும் வரக்கூடும். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளையும் பார்க்கலாம். இவர்கள் ரோமன் எழுத்தில் தமிழ்ப் பெயர்களை எழுதிய விதம் ஒருவருக்கொருவர் வேறுபடும். இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களோடு தேட வேண்டும். காலனி ஆட்சி அலுவலர்கள் சாதிகளைப் பற்றிச் சொன்ன தீர்ப்புகளை அப்படியே எடுத்து எழுதவும் கூடாது. நகையின் வருணனையை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதரைப் பற்றிய இழிசொல்லை விட்டுவிடுங்கள்.

தோல் சார்ந்த பொருள் என்றால், ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1904இல் சென்னை மாகாணத் தோல் பதனிடுதலைப் பற்றி எழுதிய தனி நூல் இருக்கிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல், அதிலிருந்து செய்த பொருள்கள் ஆகியவற்றைத் தேடுவோர்க்கு அது நல்ல தொடக்கம். நகை என்றால், ஓப்பி அன்ட்ராக்ட் 1997இல் வெளியிட்ட இந்திய மரபு நகைகள் பற்றிய பெருநூல். சாத்தான்குளம் அ. இராகவன் தமிழ்நாட்டு அணிகலன்களைப் பற்றித் தமிழிலேயே எழுதியிருக்கிறார். இந்த வகை நூல்கள்தாம் தீர்ப்பை மாற்றும் வல்லமை கொண்டவை.

நூல் கிடைக்கும் இடங்கள்: வேலூரில் மாவட்ட மைய நூலகம்; சென்னையில் கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்; இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம். சான்று தமிழில்தான் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. ஆங்கிலம், உருது, தெலுங்கு என எந்த மொழி நூலையும் தமிழ்க் கட்டுரைக்குச் சான்றாகக் காட்டலாம்.

நான்காம் படி: கிடைத்ததை எடைபோடுதல்

முடிவு இந்தப் படியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சான்றையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள்.

அது பொருளைப் பற்றிப் பேசுகிறதா, பெயரை மட்டும் சொல்லிக் கடந்து போகிறதா? சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி பூணும் அணிகலன்களில் குறங்குசெறி என்ற தொடை அணி வருகிறது. காப்பியத்தில் அது ஒரு நீண்ட பட்டியலின் ஓர் உறுப்பு. அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக் கட்டுரை எழுத முடியாது. ஆனால் அடியார்க்கு நல்லார் அந்தப் பகுதிக்கு உரை எழுதியிருக்கிறார்; உ. வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்தார். பிற்கால அணிகலன் ஆய்வாளர்களும் மாதவியின் அணிகளை எடுத்துப் பேசுகிறார்கள். உரையும் ஆய்வும் பொருளை விளக்கும் அளவுக்குத்தான் கட்டுரை வளர முடியும். விளக்கம் இரண்டு பத்திக்கு வந்தால் தனிக் கட்டுரை. "தொடையில் அணிவது" என்பதோடு நின்றுவிட்டால் சிலப்பதிகார அணிகலன்கள் என்ற ஒரே கட்டுரையில் அதற்கு ஒரு பகுதி. இரண்டாவது வழியைத்தான் நான் பெரும்பாலும் விரும்புகிறேன். மாதவியின் அணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும்போது கிடைக்கும் அறிவு, ஒவ்வொன்றையும் மூன்று வரிப் பக்கமாகப் பிரித்தால் சிதறிவிடும்.

இரண்டாவது கேள்வி: எழுதியவருக்கு அந்தப் பொருளால் ஆதாயம் உண்டா? நகைக்கடை விளம்பரம், விற்பனைத் தளத்தின் வருணனை, தயாரிப்பாளரின் செய்திக்குறிப்பு, அதை வரிமாறாமல் அச்சிட்ட நாளிதழ்ப் பத்தி எல்லாம் இங்கே விழுந்துவிடும். புதிய ஃபேஷன் பெயர்கள் பெரும்பாலும் தோற்பது இந்தக் கேள்வியில்தான். கைப்பையில் தொங்கவிடும் புதுவகை மணிக்கோ கைப்பேசிச் சரத்துக்கோ விற்பவர் ஒருவர் பெயர் சூட்டுகிறார். ஒரே மாதத்தில் ஐம்பது தளங்கள் அதைத் திருப்பிச் சொல்கின்றன. ஐம்பதும் ஒரு வாயிலிருந்து வந்தவை என்றால் ஐம்பதும் ஒன்றுதான். அத்தகைய பெயருக்கு ஓராண்டு அவகாசம் கொடுங்கள். அதன் பிறகும் விற்பனையோடு தொடர்பில்லாத யாரேனும் அதன் தோற்றத்தை, பரவலை, பயனை ஆராய்ந்து எழுதியிருந்தால் மீண்டும் எடுக்கலாம்.

மூன்றாவது: அந்தச் சான்று எங்கிருந்து எடுத்தது? பல தளங்கள் விக்கிப்பீடியாவிலிருந்தே படியெடுத்துப் போடுகின்றன. அதையே விக்கிப்பீடியாவுக்குச் சான்றாகக் காட்டினால், தன் வாக்குமூலத்துக்குத் தானே சாட்சியாக நிற்பது போலாகிவிடும். தேதி பாருங்கள், சொற்றொடர் ஒற்றுமை பாருங்கள்.

இந்த மூன்றையும் தாண்டும் சான்றுகள் எத்தனை வேண்டும்? எண்ணிக்கைக்குக் கல்லில் பொறித்த விதி இல்லை. ஒன்றையொன்று சாராத இரண்டு அல்லது மூன்று நல்ல சான்றுகள் இருந்தால் துணிந்து எழுதலாம் என்பது நடைமுறை. ஒன்றே ஒன்று, ஆனால் மிகச் சிறந்தது என்றால், நான் பொதுக் கட்டுரையில் ஒரு பகுதியாகச் சேர்த்துவிட்டுக் காத்திருப்பேன்.

ஐந்தாம் படி: கண்ணால் கண்டதைச் சான்றாக்கலாமா?

வேலூர்க் கோட்டையிலுள்ள ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்தவர்க்கு இந்த ஆசை தானாக வரும். விஜயநகரக் காலத்துச் சிற்பங்களில் காதிலும் கையிலும் இடையிலும் எத்தனை அணிகள்! ஒன்றைப் படமெடுத்து, "இதுதான் குறங்குசெறி" என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. சிற்பத்தில் பெயர் பொறிக்கப்படவில்லை. அந்த அணியையும் அந்தப் பெயரையும் நீங்கள் இணைத்தால் அது உங்கள் சொந்த ஆய்வு. கலைக்களஞ்சியம் அதை ஏற்காது. ஆய்வாளர் ஒருவர் இணைத்து அச்சிட்டிருந்தால், அவர் பெயரைச் சொல்லி எழுதலாம்.

படத்தை வீணாக்க வேண்டாம். விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி, எந்தக் கோயில், எந்த மண்டபம், எந்தத் தூண், எந்த நாளில் எடுத்தது என்று விவரமாகக் குறித்துவையுங்கள். பின்னால் வரும் ஆய்வாளருக்கு அந்தக் குறிப்பு பெரிய உதவி.

பட்டறையில் ஆசாரி வாய்மொழியாகச் சொல்லும் பெயருக்கும் இதே நிலைதான். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் இருக்கிறது. அந்த மனிதரின் அறிவு பல நூல்களைவிட ஆழமானது. ஆயினும் வாசகர் அதைச் சரிபார்க்க வழியில்லை. எனவே அந்த அறிவை முதலில் அச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். நாட்டார் வழக்காற்றியல் படிக்கும் கல்லூரி மாணவரிடம் சொல்லுங்கள்; சிற்றிதழ் அல்லது உள்ளூர் வரலாற்று மலர் ஆசிரியரிடம் பேசுங்கள்; செய்முறை, கருவி, பாகங்களின் பெயர், யார் வாங்குகிறார்கள் என்பதையெல்லாம் முறையாகப் பதிவுசெய்யச் செய்யுங்கள். நீங்களே எழுதி நீங்களே வெளியிட்டு நீங்களே மேற்கோள் காட்டுவது இதற்கு மாற்றாகாது. வேறொரு பதிப்பாசிரியரின் கண் அதன் மேல் பட வேண்டும்.

ஆறாம் படி: எங்கே வைப்பது?

தனிக் கட்டுரை, பெரிய கட்டுரையில் ஒரு பகுதி, வழிமாற்று, விக்சனரிப் பதிவு, இப்போதைக்கு எதுவும் வேண்டாம். இந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலூர்ச் சிப்பாய்களிடம் திரும்பிப் போவோம்.

காக்கேட் தனிக் கட்டுரைக்குத் தகும். 1789 பிரெஞ்சுப் புரட்சியின் மூவண்ணக் காக்கேட் முதல் பிரிட்டிஷ் படையின் கறுப்புக் காக்கேட் வரை, உடை வரலாற்றாளர்களும் அரசியல் வரலாற்றாளர்களும் அதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையில் வேலூருக்கும் ஒரு பத்தி உண்டு.

புதிய தலைப்பாகை? இதில் கருத்து வேறுபாடு வரலாம். வரலாற்று நூல்கள் அதைப் பற்றி நிறையவே பேசுகின்றன. கிளர்ச்சிக்கு இரண்டு மாதம் முன்பே, 1806 மேயில், அதை அணிய மறுத்த சிப்பாய்களுக்குக் கசையடித் தண்டனை விதிக்கப்பட்டது. கிளர்ச்சிக்குப் பிறகு தலைப்பாகை ஆணை கைவிடப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். இவ்வளவு கனமான செய்தி இருந்தும், அவை எல்லாமே கிளர்ச்சியின் கதைக்குள்தான் வருகின்றன. தனியே எடுத்தால் வேலூர்ப் புரட்சிக் கட்டுரையின் பாதியைத் திரும்ப எழுத நேரும். மேலும் நூல்கள் பெரும்பாலும் "புதிய தலைப்பாகை" என்றே குறிக்கின்றன. கட்டுரைத் தலைப்புக்காக நாம் ஒரு பெயரைக் கற்பிக்க முடியாது. என் முடிவு: வேலூர்ப் புரட்சிக் கட்டுரையில் விரிவான தனிப் பகுதி. அதன் வடிவமைப்பு, துணி, அது உருவான விதம் ஆகியவற்றைச் சீருடை வரலாறாக ஆராய்ந்த நூல்கள் கைக்கு வந்தால் அப்போது பிரித்துக்கொள்ளலாம்.

திருப்புளிக்கு அந்தப் பகுதியிலேயே ஒரு வாக்கியம் போதும்.

ஏழாம் படி: எழுதுதல், முடிவைப் பதிந்துவைத்தல்

தனிக் கட்டுரை என்று முடிவானால், நேராகப் பொதுவெளியில் தொடங்காமல் உங்கள் மணல்தொட்டியில், அதாவது உங்கள் கணக்கின் பயிற்சிப் பக்கத்தில், எழுதுங்கள். முதல் வாக்கியம் முதல் படியில் எழுதிய வாக்கியமே. பெயர்க் காரணத்தை ஒரு வரியில் முடித்துவிட்டுப் பொருளுக்குப் போங்கள்: வடிவம், மூலப்பொருள், செய்முறை, அணிந்தோர், காலம், இன்றைய நிலை. சான்றில்லாத வரி ஒன்றுகூட நிற்க வேண்டாம். பிறர் நூலின் வாக்கியங்களை அப்படியே எடுக்காதீர்கள்; இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய எழுத்துக்குக் காப்புரிமை உண்டு. செய்தியை எடுத்துக்கொண்டு உங்கள் நடையில் எழுதி, நூலையும் பக்க எண்ணையும் குறியுங்கள்.

யாராவது குறிப்பிடத்தக்கமை பற்றி, அதாவது அந்தப் பொருள் தனிக் கட்டுரைக்குத் தகுமா என்று, ஐயம் எழுப்பினால், "எங்கள் பாட்டி அணிந்திருந்தார்" என்று வாதிட வேண்டாம். கட்டுரையோடு இணைந்த கலந்துரையாடல் பக்கமான பேச்சுப் பக்கத்தில் உங்களுடைய மிகச் சிறந்த மூன்று சான்றுகளை மட்டும் வையுங்கள்; ஒவ்வொன்றும் அந்தப் பொருளைப் பற்றி எத்தனை பத்தி பேசுகிறது என்று சொல்லுங்கள். இருபது பலவீனமான இணைப்புகளை அடுக்கினால் நல்ல மூன்றும் அந்தக் குவியலில் மறைந்துபோகும்.

தனிக் கட்டுரை வேண்டாம் என்று முடிவானாலும் அந்த முடிவைப் பதிவுசெய்யுங்கள். தொடர்புடைய பெரிய கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், எந்தப் பெயரைத் தேடினீர்கள், எந்தெந்த நூல்களைப் புரட்டினீர்கள், எதில் என்ன இருந்தது, எதில் ஒன்றும் இல்லை என்று நாளிட்டு எழுதிவிடுங்கள். குடியாத்தத்திலிருந்தோ மேல்விஷாரத்திலிருந்தோ இன்னொருவர் அதே பெயரோடு வரும்போது, நீங்கள் பார்த்த நூல்களை விட்டுவிட்டு நீங்கள் பார்க்காதவற்றிலிருந்து தொடங்குவார்.